தேனீ மகரந்தச் சேர்க்கை விதையிலிருந்து பெலர்கோனியம் வளர்த்தல்

தேனீ மகரந்தச் சேர்க்கை விதையிலிருந்து பெலர்கோனியம் வளர்த்தல் என்பது, வீட்டுத் தோட்டத்தில் உள்ள பெலர்கோனியச் செடிகளில் மனிதரின் தலையீடு இன்றித் தேனீக்களால் உண்டாகும் விதைகளைச் சேகரித்து விதைத்து, முளைக்கும் நாற்றுகளில் சிறந்தவற்றைத் தெரிவு செய்து வளர்க்கும் முறையாகும். இவ்வாறு கிடைக்கும் செடி தற்செயல் நாற்று எனப்படுகின்றது.

தற்செயல் நாற்றின் தாய்ச்செடி எது என்பது தெரியும். தந்தைச்செடி எது என்பது பெரும்பாலும் தெரியாது. பெயர் பெற்ற ஒரு பயிரிடும்வகையின் விதையிலிருந்து அதே வகை மீண்டும் கிடைப்பதில்லை. ஒவ்வொரு விதையும் ஒரு புதிய தனிச்செடி ஆகும். ஆகவே இம்முறை இருக்கும் வகையைப் பெருக்குவதற்கு உதவாது. புதியதைத் தேடுவதற்கே உதவும். இருக்கும் வகையைக் காப்பாற்றத் தண்டுத் துண்டுகள் மூலம் பெருக்குவதே வழி.

தாவரம்

பெலர்கோனியம் என்பது ஜெரானியேசியே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பேரினமாகும். இதில் ஏறத்தாழ 280 இனங்கள் உள்ளன. இவற்றுள் பெரும்பாலானவை தென்னாப்பிரிக்காவில், குறிப்பாகக் குளிர்காலத்தில் மழை பெறும் கேப் பகுதியில் இயற்கையாக வளர்கின்றன. கிழக்கு ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், ஏமன், துருக்கி, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய இடங்களிலும் சில இனங்கள் காணப்படுகின்றன.

1753 ஆம் ஆண்டில் லின்னேயஸ் இச்செடிகளை ஜெரேனியம் என்னும் பேரினத்தில் சேர்த்தார். 1789 ஆம் ஆண்டில் பிரெஞ்சுத் தாவரவியலாளர் லெரித்தியே இவற்றைத் தனிப் பேரினமாகப் பிரித்தார். எனினும் தோட்டக்காரர்களிடையேயும் வணிகத்திலும் ஜெரேனியம் என்னும் பழைய பெயரே இன்றும் பெருவழக்காக உள்ளது. உண்மையான ஜெரேனியத்தின் ஐந்து இதழ்களும் ஒரே வடிவுடையவை. பெலர்கோனியத்தில் மேலிரு இதழ்கள் கீழ் மூன்று இதழ்களிலிருந்து வடிவிலோ குறிகளிலோ வேறுபட்டிருக்கும். பெலர்கோனியம் என்னும் பெயர் நாரையைக் குறிக்கும் பெலர்கோஸ் என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. இதன் கனி நாரையின் அலகைப் போல் நீண்டிருப்பதே இதற்குக் காரணம்.

வீட்டுத் தோட்டங்களில் வளர்க்கப்படுபவை பெரும்பாலும் பின்வரும் பிரிவுகளில் அடங்கும்:

* வளைய இலை வகை (சோனல்): பெ. இன்குவினன்ஸ், பெ. சோனாலே ஆகிய இனங்களின் வழி வந்த கலப்பினங்கள். இலையில் பெரும்பாலும் கருமையான வளையம் காணப்படும்.
* ஐவி இலை வகை: பெ. பெல்டேட்டம் இனத்தின் வழி வந்தவை. தண்டு தொங்கிப் படரும். இலை தடித்துப் பளபளப்பாக இருக்கும்.
* ரீகல் வகை: பெ. குகுல்லேட்டம் முதலிய இனங்களின் வழி வந்த பெரிய பூக்களுடைய கலப்பினங்கள்.
* ஏஞ்சல் வகை: ரீகல் வகையையும் எலுமிச்சை மணமுடைய பெ. கிரிஸ்பம் இனத்தையும் கலந்து உருவானவை. பூக்கள் சிறியவை.
* நறுமண இலை வகை: ரோசா, எலுமிச்சை, புதினா முதலிய மணங்களையுடைய இனங்களும் கலப்பினங்களும்.

பூவின் அமைப்பும் மகரந்தச் சேர்க்கையும்

பெலர்கோனியப் பூவில் பத்து மகரந்தத்தாள்கள் உள்ளன. இவற்றுள் இரண்டு முதல் ஏழு வரையானவையே மகரந்தப்பைகளைத் தாங்குகின்றன. தேன் சுரக்கும் குழல் தனித்து நீட்டிக்கொண்டிராமல் பூக்காம்புடன் ஒட்டி அதனுள் இறங்குகின்றது. இக்குழல் முடியும் இடத்தில் பூக்காம்பில் சிறிய புடைப்பு ஒன்று தெரியும். இப்புடைப்பைக் கொண்டே ஒரு பூவில் தேன்குழல் உள்ளதா என்பதை அறியலாம்.

மகரந்தப்பைகள் முதலில் வெடிக்கின்றன. அவை உதிர்ந்த பின்னர் அல்லது காய்ந்த பின்னரே சூலகமுடி ஐந்து கிளைகளாக விரிந்து மகரந்தத்தை ஏற்கும் நிலையை அடைகின்றது. ஆண் உறுப்பு முந்தி முதிரும் இவ்வமைப்பு ஒரே பூவுக்குள் தன்மகரந்தச் சேர்க்கை நிகழ்வதைக் குறைக்கின்றது. ஆனால் ஒரே பூங்கொத்தில் ஒரு பூ ஆண்நிலையிலும் மற்றொரு பூ பெண்நிலையிலும் இருக்கலாம். தேனீ ஒரு பூவிலிருந்து அடுத்த பூவுக்கு நடக்கும்போது, அச்செடியின் மகரந்தமே அதன் சூலகமுடியில் படிகின்றது. தேனீக்கள் ஒரு பயணத்தின்போது ஒரே வகைப் பூவையே தொடர்ந்து நாடும் இயல்புடையவை என்பதால் இதற்கான வாய்ப்பு மேலும் கூடுகின்றது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. தண்டுத் துண்டுகளிலிருந்து பெருக்கப்பட்ட ஒரே வகைச் செடிகள் பத்து இருந்தாலும், மரபியல் நோக்கில் அவை ஒரே செடியே ஆகும். அவற்றுக்கிடையே நடைபெறும் மகரந்தச் சேர்க்கையும் தன்மகரந்தச் சேர்க்கையாகவே அமையும். ஆகவே தேனீ விதை அனைத்தும் கலப்பு விதை என்று கருதுவது தவறு. தன்மகரந்தச் சேர்க்கையால் உண்டாகும் நாற்றுகள் பல நேரங்களில் வளர்ச்சி குன்றி இருப்பதும் உண்டு.

இயற்கையில் பெலர்கோனிய இனங்களுக்குப் பல்வேறு மகரந்தச் சேர்க்கையாளர்கள் உள்ளனர். பெ. குகுல்லேட்டம் இனத்துக்குத் தேனீக்களின் உறவினங்கள் பெருமளவில் உதவுகின்றன. செந்நிறப் பூக்களையுடைய பெ. ஃபுல்கிடம் இனத்தைத் தேன்சிட்டுகள் நாடுகின்றன. நீண்ட குழலுடைய சில இனங்கள் நீண்ட உறிஞ்சுகுழல் கொண்ட ஈக்களை நம்பியுள்ளன. தோட்டத்துத் தேனீயின் நாக்கு நீண்ட குழலின் அடிவரை எட்டுவதில்லை. அத்தகைய பூக்களில் அது மகரந்தத்துக்காக மட்டுமே அமரும். எனவே ஒரே தோட்டத்தில் சில வகைகளில் விதை மிகுதியாகவும் சில வகைகளில் அறவே இல்லாமலும் இருப்பது இயல்பே.

சார்லஸ் டார்வின் 1859 ஆம் ஆண்டில் வெளியான தமது உயிரினங்களின் தோற்றம் என்னும் நூலில், பெலர்கோனியப் பூங்கொத்தின் நடுப்பூ சில வேளைகளில் மேலிதழ்களின் கரும்புள்ளிகளை இழப்பதையும், அவ்வாறு இழக்கும்போது தேன்குழலும் வளராது போவதையும் குறிப்பிட்டுள்ளார்.

கனியும் விதையும்

மகரந்தச் சேர்க்கை நிகழ்ந்த பின்னர் இதழ்கள் உதிர்ந்து, சூலகத்தின் நடுத்தண்டு அலகு போல் நீள்கின்றது. இதுவே விதை பிடித்ததற்கான முதல் அறிகுறி ஆகும். சூலகத்தின் ஐந்து அறைகளில் ஒவ்வொன்றிலும் இரண்டு சூல்கள் இருந்தாலும் ஒன்றே விதையாகின்றது. ஆகவே ஒரு பூவிலிருந்து அதிக அளவாக ஐந்து விதைகளே கிடைக்கும். தோட்டங்களில் ஒன்று அல்லது இரண்டு விதைகள் மட்டும் முதிர்வது சாதாரணமாகும்.

விதை முதிர்வதற்குக் காலநிலையைப் பொறுத்து ஏறத்தாழ நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகலாம். முதிர்ந்த கனி பச்சையிலிருந்து பழுப்பாக மாறும். பின்னர் ஐந்து பகுதிகளும் அடியிலிருந்து மேல்நோக்கிப் பிரிந்து, ஒவ்வொன்றும் ஒரு விதையுடனும், மெல்லிய மயிர்கள் கொண்ட ஒரு வாலுடனும் தொங்கும். காற்று வீசினால் இவை பறந்து விடும். உலர்ந்த நிலையில் இவ்வால் திருகு போல் முறுக்கிக்கொள்ளும். ஈரம் பட்டால் முறுக்கு அவிழும். இவ்வாறு மாறி மாறி அசைவதால் விதை மண்ணுக்குள் இறங்க ஏதுவாகின்றது.

விதை பிடிக்கும் வகைகளும் பிடிக்காதவையும்

* ஒற்றை அடுக்குப் பூக்களையுடைய வளைய இலை வகைகளும் ஏஞ்சல் வகைகளும் தொடங்குவோருக்கு ஏற்றவை.
* பல அடுக்குப் பூக்களில் மகரந்தத்தாள்கள் இதழ்களாக மாறியிருப்பதால் மகரந்தம் குறைவு. நெருங்கிய இதழ்கள் தேனீயின் வழியையும் மறைக்கின்றன. ரோசா மொட்டு போன்ற பூக்களையுடைய வகைகளில் பொதுவாக விதை உண்டாவதில்லை.
* மும்மடியச் செடிகள், அதாவது மூன்று தொகுதி நிறப்புரிகளைக் கொண்டவை, பெரும்பாலும் மலடானவை.
* 'மடாம் சலெரோன்' என்னும் வெள்ளை விளிம்பு இலை வகை பூப்பதே இல்லை எனலாம். இதனை இலைக்காகவே வளர்க்கின்றனர்.
* நறுமண எண்ணெய்க்காகப் பயிரிடப்படும் ரோசா மணப் பெலர்கோனியம், பெ. கேப்பிடேட்டம், பெ. ராடென்ஸ் ஆகியவற்றின் மலட்டுக் கலப்பினமாகும்.

தந்தைச்செடியைக் கணித்தல்

தேனீ எங்கிருந்து மகரந்தத்தைக் கொண்டு வந்தது என்பதை நேரில் அறிய இயலாது. எனினும் சில தடயங்களைக் கொண்டு தந்தையாக இருக்க முடியாதவற்றை நீக்கலாம். சில வேளைகளில் தந்தையின் ஒரு பண்பை உறுதியாகக் கூறவும் இயலும்.

நிறப்புரி எண்ணிக்கை

வளைய இலை வகைகளின் அடிப்படை நிறப்புரி எண் 9 ஆகும். இவற்றுள் இருமடியச் செடிகளில் 18 நிறப்புரிகளும் நான்மடியச் செடிகளில் 36 நிறப்புரிகளும் உள்ளன. ஐவி இலை வகைகளின் அடிப்படை எண்ணும் 9 ஆகும். ஆகவே இவ்விரு பிரிவுகளும் கலக்கக்கூடியவை. அவ்வாறு கலந்தவற்றின் இலை இரண்டுக்கும் இடைப்பட்டதாக இருக்கும். ரீகல் வகைகளின் அடிப்படை எண் 11 ஆகும். பெரும்பாலானவற்றில் 44 நிறப்புரிகள் உள்ளன. எனவே பக்கத்துத் தொட்டியில் ரீகல் வகை பூத்திருந்தாலும், வளைய இலை நாற்றுக்கு அது தந்தையாக இருக்கும் வாய்ப்பை விலக்கி விடலாம். நான்மடியச் செடியும் இருமடியச் செடியும் கலந்தால் உண்டாகும் நாற்று மும்மடியமாக இருக்கும். அது அழகாகப் பூத்தாலும், மலடாக இருப்பதால் அதனைத் தாயாகக் கொண்டு அடுத்த தலைமுறை விதை பெறுவது அரிது.

கணிகங்களின் மரபுரிமை

பெரும்பாலான பூக்கும் தாவரங்களில், பச்சையத்தைத் தாங்கும் கணிகங்கள் தாயிடமிருந்து மட்டுமே விதைக்குச் செல்கின்றன. பெலர்கோனியம் இதற்கு விலக்காகும். இதில் தந்தையின் கணிகங்களும் மகரந்தக் குழாய் வழியாக விதையை அடைகின்றன. ஜெர்மானிய மரபியலாளர் எர்வின் பவுர் 1909 ஆம் ஆண்டில் வெள்ளை விளிம்பு இலையுடைய வளைய வகைகளைக் கலந்து ஆராய்ந்து இதனை வெளியிட்டார். மெண்டலின் விதிகளுக்கு உட்படாத மரபுரிமை குறித்த தொடக்ககால ஆய்வுகளுள் இது ஒன்றாகும்.

தோட்டக்காரருக்கு இதன் பயன் நேரடியானது. முழுப் பச்சை இலையுடைய தாயின் விதையிலிருந்து பச்சையும் வெள்ளையும் கலந்த நாற்று முளைத்தால், தந்தை வெள்ளை விளிம்பு வகை என்று பெரும்பாலும் முடிவு செய்யலாம். அருகில் அத்தகைய வகை ஒன்றே இருந்தால் தந்தையின் பெயரும் தெரிந்துவிடும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. வெள்ளை விளிம்பு வகைகளில் இனப்பெருக்க உயிரணுக்கள் உருவாகும் திசு அடுக்கு பெரும்பாலும் வெள்ளையானது. இத்தகைய செடி தன்மகரந்தச் சேர்க்கையால் ஈன்ற விதைகள் நன்கு முளைத்தாலும், நாற்றுகள் முழு வெள்ளையாக இருக்கும். பச்சையம் இல்லாமையால் அவை உணவு தயாரிக்க இயலாது, விதையில் இருந்த சேமிப்பு தீர்ந்ததும் மடிகின்றன. எந்தப் பராமரிப்பும் இவற்றைக் காப்பாற்றாது. வெளியிலிருந்து பச்சைச் செடியின் மகரந்தம் வந்தால் மட்டுமே பச்சை நாற்றுகளும் கலப்பு நிற நாற்றுகளும் தோன்றும். ஆகவே வெள்ளை விளிம்புத் தாயின் விதைத் தட்டில் உயிர்பிழைக்கும் ஒவ்வொரு நாற்றும், தேனீ வேறொரு செடியிலிருந்து வந்தது என்பதற்குச் சான்றாக நிற்கின்றது.

எத்தனை நாற்றுகள் தேவை

இருமடியத் தாய் ஒன்று ஒடுங்கு பண்பு ஒன்றை மறைவாகக் கொண்டுள்ளது எனக் கொள்வோம். தன்மகரந்தச் சேர்க்கை விதைகளில் நான்கில் ஒரு பங்கில் அப்பண்பு வெளிப்படும் என்பது மெண்டலின் விதி. ஆனால் நான்கு நாற்றுகளை வளர்த்தால் ஒன்றில் அது கட்டாயம் தோன்றும் என்று பொருளன்று. ஒரு நாற்றில் தோன்றாதிருக்கும் வாய்ப்பு 3/4 ஆகும். 5 நாற்றுகளில் ஒன்றிலும் தோன்றாதிருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 24 விழுக்காடு. 10 நாற்றுகளில் 6 விழுக்காடு. 16 நாற்றுகளில் 1 விழுக்காடு. எனவே பல தாய்களிலிருந்து ஓரிரு விதைகள் எடுப்பதைவிட, ஒரு தாயிலிருந்து பதினைந்து இருபது விதைகள் எடுத்து வளர்ப்பது அத்தாயைப் பற்றிக் கூடுதலாக அறிவிக்கும்.

செய்முறை

கலிபோர்னியாவின் கடற்கரைப் பகுதி, கேப் பகுதியைப் போன்றே குளிர்காலத்தில் மழையும் வறண்ட கோடையும் உடையது. அங்கு உறைபனி அரிதாகையால் பெலர்கோனியம் ஆண்டு முழுவதும் வெளியில் வளர்கின்றது. பிரித்தானியா போன்ற உறைபனி நாடுகளில் குளிர்காலத்தில் செடிகளைக் கண்ணாடிக் குடிலுக்குள் அல்லது வீட்டுக்குள் கொண்டு வர வேண்டும். பின்வரும் முறை இரண்டு இடங்களுக்கும் பொருந்தும்.

1. தாய்ச்செடியைத் தெரிவு செய்தல். நோயற்ற, விதை பிடிக்கும் இயல்புடைய, விரும்பத்தக்க ஒரு பண்பையாவது உறுதியாகக் கொண்ட செடியைத் தெரிவு செய்ய வேண்டும். தந்தையாக வேண்டிய செடிகளை அதன் அருகிலேயே வைக்கலாம். வேண்டாதவற்றின் பூக்களைக் கிள்ளிவிட்டால் தந்தையாகக் கூடியவற்றின் எண்ணிக்கை குறையும்.

2. பூங்கொத்தை விட்டுவைத்தல். வாடிய பூக்களை உடனே கிள்ளுவது தோட்டக்காரர்களின் வழக்கம். விதை வேண்டுமெனில் சில கொத்துகளையாவது விட்டுவைக்க வேண்டும்.

3. விதை சேகரித்தல். கனி பழுப்பாகத் தொடங்கும்போது மெல்லிய வலைத்துணிப் பையைக் கொத்தின் மேல் தளர்வாகக் கட்டிவிட்டால் விதை பறந்து போகாது. பையிலேயே தாயின் பெயரையும் தேதியையும் எழுதிய சீட்டை இட வேண்டும். பச்சையாக உள்ள கனியைப் பறித்தால் விதை முளைப்பதில்லை.

4. சேமித்தல். விதையின் வாலை நீக்கி, சில நாட்கள் நிழலில் உலர்த்தி, காகித உறையிலிட்டு, காற்றுப் புகாத புட்டியில் குளிர்பதனப் பெட்டியில் வைக்கலாம். வளைய இலை வகையின் விதைகள் ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 200 இருக்கும். சுருங்கியும் தட்டையாகவும் உள்ளவற்றை நீக்கிவிடலாம்.

5. விதைத்தல். விதையுறை கடினமானது, நீரை எளிதில் உள்ளே விடாது. முளை வேர் வெளிவரும் முனையைத் தவிர்த்து, உறையின் ஒரு பக்கத்தை உப்புத்தாளில் இலேசாகத் தேய்க்க வேண்டும். நீர் நன்கு வடியும் கலவையில் விதைத்து, ஏறத்தாழ 3 மி.மீ. உயரத்துக்கு மூட வேண்டும். 20 முதல் 24 பாகை செல்சியஸ் வெப்பநிலையில், ஒன்று முதல் இரண்டு வாரங்களில் பெரும்பாலானவை முளைக்கும். நறுமண இனங்கள் சில கூடுதல் காலம் எடுத்துக்கொள்வதால் தட்டை விரைந்து கொட்டிவிடுதல் கூடாது.

6. நாற்றுப் பராமரிப்பு. நாற்றின் அடித்தண்டைத் தாக்கும் நாற்றழுகல் நோயே இக்கட்டத்தில் பெரிய இடர். தட்டின் அடியிலிருந்து நீர் ஏறச் செய்தல், மேற்பரப்பைச் சற்று உலர விடுதல், காற்றோட்டம் ஆகியவை இதனைத் தடுக்கும். இரண்டு மூன்று உண்மை இலைகள் வந்த பின்னர் ஒவ்வொரு நாற்றையும் தனித் தொட்டிக்கு மாற்றி எண் இட வேண்டும்.

7. முதற்பூ. வளைய இலை நாற்றுகள் நல்ல ஒளியில் நான்கு முதல் ஆறு மாதங்களில் பூக்கும். ரீகல் வகைகள் மொட்டு உருவாக்கச் சில வாரங்கள் குளிர் தேவைப்படுவதால், அவற்றின் முதற்பூவைக் காண அடுத்த இளவேனில் வரை காத்திருக்க நேரும். முதற்பூ வரும்வரை நுனியைக் கிள்ளாமல் விட்டால், அச்செடி இயல்பாகக் கிளைக்குமா என்பதும் தெரியவரும்.

தெரிவும் நீக்கமும்

தற்செயல் நாற்றுகளில் பெரும்பாலானவை ஏற்கெனவே உள்ள வகைகளைவிடச் சிறந்தவையாக இருப்பதில்லை. நீண்ட கணுவிடை, சிறுத்த பூங்கொத்து, குறைந்த பூக்கள் ஆகியவை அடிக்கடி காணப்படும் குறைகளாகும். வீட்டுத் தோட்டத்தில் இடம் குறைவு என்பதால், நாற்றுகளை நீக்குவது இம்முறையின் தவிர்க்க இயலாத பகுதியாகும். விதைப்பதைவிட இது கடினமானது என்பதே வளர்ப்போரின் பொது அனுபவம்.

முதற்பூவைக் கண்டு மட்டும் முடிவெடுக்கக்கூடாது. இளம்செடியின் முதற்கொத்து சிறிதாக இருக்கலாம். குறைந்தது இரண்டு பருவங்களில் பின்வருவனவற்றை நோக்குவது நல்லது:

* செடியின் வடிவமும் கிளைக்கும் இயல்பும்
* கொத்தொன்றில் உள்ள பூக்களின் எண்ணிக்கையும் பூக்கும் காலத்தின் நீளமும்
* மழையையும் வெயிலையும் பூக்கள் தாங்கும் திறன்
* பெலர்கோனியத் துரு நோய்க்கு ஆளாகும் அளவு
* தண்டுத் துண்டுகள் எளிதில் வேர்விடுகின்றனவா என்பது

இறுதியாகக் கூறப்பட்டது மிக முக்கியமானது. அழகிய நாற்று ஒன்றின் துண்டுகள் வேர்விடாவிட்டால் அது தாய்ச்செடியோடு அழிந்துவிடும். அதன் விதையிலிருந்து அதனை மீட்க இயலாது. ஆகவே விரும்பத்தக்க நாற்று என்று தோன்றியவுடனேயே 8 முதல் 10 செ.மீ. நீளமுள்ள இரண்டு மூன்று துண்டுகளை எடுத்து வேர்விடச் செய்து, ஒன்றை வேறோர் இடத்தில் வைப்பது பாதுகாப்பானது.

பதிவேடு

ஒவ்வொரு நாற்றுக்கும் ஒரு எண் தருவது போதுமானது. விதைத்த ஆண்டு, தாயின் குறி, வரிசை எண் ஆகியவற்றைச் சேர்த்து எண்ணை அமைத்தால் அதிலிருந்தே வரலாறு விளங்கும். தந்தைக்குரிய இடத்தில் ஊகத்தை உண்மை போல் எழுதக்கூடாது. திறந்த மகரந்தச் சேர்க்கை என்று மட்டும் எழுதி, அவ்வேளையில் அருகே பூத்திருந்த வகைகளைத் தனியே குறித்து வைக்கலாம். பெயரட்டை இல்லாத நாற்று ஓராண்டுக்குப் பின் தாயையும் இழந்ததாகவே கருதப்படும்.

கைமுறைச் சேர்க்கையுடன் ஒப்பீடு

கைமுறைச் சேர்க்கையில், தாய்ப்பூவின் மகரந்தப்பைகளை வெடிக்கும் முன்னரே நீக்கி, சூலகமுடி விரிந்த பின்னர் தெரிந்தெடுத்த தந்தையின் மகரந்தத்தைத் தூரிகையால் தடவிப் பையிட்டு மூடுவர். இதில் பெற்றோர் இருவரும் தெரிந்திருப்பதால், ஒரு பண்பை நோக்கித் தலைமுறை தலைமுறையாக முன்னேற இயலும். 1930களில் லண்டனைச் சேர்ந்த பள்ளி ஆசிரியர் ஆர்தர் லாங்லி ஸ்மித், பெ. கிரிஸ்பம் இனத்தையும் ரீகல் வகைகளையும் கலந்து ஏஞ்சல் வகைகளை உருவாக்கியது இதற்கு எடுத்துக்காட்டு. அவரது 'கேட்ஃபோர்ட் பெல்' 1935 ஆம் ஆண்டைச் சேர்ந்தது.

தேனீச் சேர்க்கையில் உழைப்பு குறைவு, விதை கூடுதல், எதிர்பாராத சேர்க்கைகளும் கிடைக்கும். ஆனால் வெற்றி கிடைத்தாலும் அதனை மறுமுறை செய்ய இயலாது. பலர் தேனீ விதையில் தோன்றிய நல்ல நாற்றைத் தாயாகக் கொண்டு, பின்னர் கைமுறைச் சேர்க்கைக்கு மாறுகின்றனர்.

வணிக விதைகள் இவ்விரண்டிலிருந்தும் வேறுபட்டவை. 1960களில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் கிரெய்க் முதலியோரின் பணியால், விதையிலிருந்து ஒரே சீராக வளரும் 'நிட்டனி லயன் ரெட்' போன்ற வளைய இலை வகைகள் உருவாயின. இன்று பொட்டலங்களில் விற்கப்படும் பல விதைகள் முதல் தலைமுறைக் கலப்பின விதைகளாகும். அவற்றின் செடிகள் ஒரே மாதிரி இருக்கும். ஆனால் அச்செடிகளின் விதையை விதைத்தால் அடுத்த தலைமுறையில் பண்புகள் பிரிந்து சிதறும். தண்டுத் துண்டுகள் மூலம் பரவும் பாக்டீரியா வாடல் நோய் விதை வழியாகப் பரவுவதில்லை என்பது விதை முறையின் ஒரு சிறப்பாகும்.

பெயரிடலும் உரிமையும்

பயிரிடும்வகையின் பெயர் ஒரு குறிப்பிட்ட செடிக்கும் அதன் பாலிலாப் பெருக்கத்தால் வந்தவற்றுக்கும் மட்டுமே உரியது. ஆகவே தாயின் பெயரை நாற்றுக்கு இடுவது தவறாகும். 1858 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பீட்டர் கிரீவ் உருவாக்கிய 'மிசஸ் பொல்லாக்' என்னும் பல்வண்ண இலை வகை இன்றும் தோட்டங்களில் உள்ளது. அது ஒரு செடியின் துண்டுகளே கைமாறி வந்ததால் நிலைத்தது. அதன் விதையில் முளைத்ததை அதே பெயரில் பிறருக்குக் கொடுத்தால், பெற்றவரிடத்தில் பழைய வகை பெயரளவில் மட்டுமே எஞ்சும். பழைய வகைகள் குழப்பமடைந்து மறைவதற்கு இதுவும் ஒரு காரணமாகின்றது.

புதிய பெயர்கள், 1953 ஆம் ஆண்டில் முதன்முதலாக வெளியான பயிரிடப்படும் தாவரங்களுக்கான பன்னாட்டுப் பெயரிடல் விதித்தொகுப்பின்படி அமைய வேண்டும். ஐக்கிய அமெரிக்காவில் 1930 ஆம் ஆண்டின் தாவரக் காப்புரிமைச் சட்டம் பாலிலாப் பெருக்கத்தையே கட்டுப்படுத்துகின்றது. 1954 ஆம் ஆண்டின் திருத்தம், பயிரிடப்படும் இடத்தில் கண்டெடுக்கப்பட்ட நாற்றுகளுக்கும் காப்புரிமை பெற வழி செய்தது. எரிக்கா செடி குறித்த ஒரு வழக்கில், பாலிலாப் பெருக்கத்தால் வந்த செடியே மீறலாகும் என்று அந்நாட்டுக் கூட்டாட்சி மேன்முறையீட்டு நீதிமன்றம் 1995 இல் தீர்ப்பளித்தது.

எச்சரிக்கை

நீக்கப்பட்ட நாற்றுகளையும் விதைக்கொத்துகளையும் வெட்டவெளியில் கொட்டுதல் கூடாது. கேப் பகுதியைச் சேர்ந்த பெ. கேப்பிடேட்டம், மேற்கு ஆஸ்திரேலியாவின் கடற்கரை மணல்மேடுகளில் பரவி, அங்குள்ள இயற்கைத் தாவரங்களை நெருக்கும் களையாகியுள்ளது. கேப் பகுதியைப் போன்ற காலநிலையுடைய இடங்களில் இவ்விடர் கூடுதலாகும்.

தமிழ்நாட்டில்

நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு ஆகிய மலைப்பகுதிகளில் ரோசா மணப் பெலர்கோனியம் ஜெரேனியம் என்னும் பெயரில் எண்ணெய்க்காகப் பயிரிடப்பட்டுள்ளது. மலட்டுத்தன்மை காரணமாக இது தண்டுத் துண்டுகள் மூலமே பெருக்கப்படுகின்றது. அழகுக்காக வளர்க்கப்படும் வளைய இலை வகைகளும் ரீகல் வகைகளும் மலை நகரங்களின் குளிர்ந்த காலநிலைக்கே ஏற்றவை. சமவெளியின் வெப்பமான இரவுகளில் ரீகல் வகைகள் மொட்டு உருவாக்குவதில்லை. எனவே இம்முறையைத் தமிழ்நாட்டில் முயல்வோர், மலைப்பகுதியில் ஒற்றை அடுக்குப் பூவுடைய வளைய இலை வகை ஒன்றைத் தாயாகக் கொண்டு தொடங்குவது பொருத்தமாகும்.

இவற்றையும் பார்க்கவும்

* ஜெரேனியம்
* மகரந்தச் சேர்க்கை
* மெண்டலின் விதிகள்
* கணிகம்
* பாலிலாப் பெருக்கம்